தையலுக்குப் பின்னும் தெரியும் காற்று

ஒரே மனிதரின் இரண்டு எக்ஸ்ரே படங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படம் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்தது. சாயங்காலம் மேல்வயிற்றில் திடீரென்று பிடித்த வலி, இறுகிப்போன வயிறு, ஆழமாக மூச்சு இழுக்கவே பயம். உட்கார வைத்து எடுத்த மார்புப் படத்தில், வலப்பக்கம் ஈரலுக்கு மேலே, உதரவிதானத்துக்குக் கீழே, கறுப்பாக மெல்லிய பிறை ஒன்று தெரிகிறது. அதைப் பார்த்ததும் மருத்துவர்கள் அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்கிறார்கள். இரண்டாவது படம் அறுவை முடிந்த நான்காம் நாள் எடுத்தது. அதிலும் அதே இடத்தில் அதே பிறை இருக்கிறது. இந்த முறை மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நாளைக்குக் கஞ்சித்தண்ணி ஆரம்பிக்கலாம்" என்கிறார்.

கூட இருக்கும் மகனுக்கோ மனைவிக்கோ இது பிடிபடாது. "அன்னிக்கு இந்தக் காத்தைக் காட்டித்தானே சார் ஓட்டை விழுந்திருக்குன்னு சொன்னீங்க? இன்னும் இருக்குதே, அப்ப தைச்சது பிரிஞ்சிருச்சா?"

மிகச் சரியான கேள்வி இது. அறுவைக்குப் பிறகு எடுக்கும் படங்களை வாசிப்பதில் உள்ள சிரமம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அறுவைக்கு முன் நோயைக் காட்டிக்கொடுத்த அடையாளங்களில் பல, அறுவைக்குப் பின் அந்தத் தகுதியை இழந்துவிடுகின்றன. காற்று, நீர், வீக்கம் மூன்றும் கத்தி பட்ட எல்லா வயிற்றிலும் இருக்கும். அப்படியானால் தையல் பிடித்திருக்கிறதா, கசிகிறதா என்பதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் துளை எப்படி விழுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் அமிலநீரைச் சுரக்கிறது. அந்த அமிலம் தன் சுவரையே அரித்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு சளிப்படலம் காவலாக இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா அந்தக் காவலைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளும் கெடுக்கும். புகையிலை புண் ஆறவிடாது. பாக்டீரியாவின் பங்கைக் கண்டறிந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும். நம்பாதவர்களை நம்பவைக்க 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியா வளர்த்த திரவத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தென்னிந்தியாவில் இந்தப் புண் மிகுதி என்பது நூறாண்டுகளாகவே மருத்துவர்கள் அறிந்த சங்கதி. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்டு சோமர்வெல், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். இன்று அந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அவர் ஆயிரக்கணக்கில் அறுவை செய்தது முன்சிறுகுடல் புண்களுக்குத்தான். முன்சிறுகுடல் என்பது இரைப்பையை அடுத்து வரும், சிறுகுடலின் தொடக்கப் பகுதி. மருத்துவர்கள் டியோடினம் என்பார்கள். இன்று பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்துகள் வந்து புண் குறைந்திருக்கிறது. ஆனால் துளை விழுந்து வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூட்டுவலிக்குக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடும் வழக்கம் இருக்கும்வரை இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முன்சிறுகுடலின் பின்சுவரில் உள்ள புண் ஆழமானால் அங்கே ஓடும் ரத்தக்குழாயை அரித்து ரத்தம் கொட்டும். முன்சுவரில் உள்ள புண் ஆழமானால் முன்னால் தடுக்க எதுவும் இல்லை. நேராக வயிற்றறைக்குள் திறந்துகொள்ளும். அமிலமும் பித்தநீரும் காற்றும் அந்தத் துளை வழியே வெளியேறுகின்றன. வயிற்றறை என்பது குடல், ஈரல் எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருக்கும் பெட்டகம். அதன் உட்புறச் சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். அந்தச் சவ்வில் அமிலம் பட்டதும் வயிற்றுத் தசைகள் இறுகிக்கொள்கின்றன. வெளியேறிய காற்று, நிமிர்ந்து உட்கார்ந்தவரின் வயிற்றறையில் உச்சிக்கு ஏறுகிறது. உச்சி என்பது உதரவிதானத்தின் அடிப்பரப்பு. வலப்பக்கம் அதற்கு நேர் கீழே ஈரல் இருப்பதால், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் இரண்டுக்கும் நடுவே காற்று கறுப்பாகத் தனித்துத் தெரிகிறது. இடப்பக்கத்தில் இரைப்பைக்குள் எப்போதுமே காற்றுக்குமிழ் இருக்கும் என்பதால் அங்கே கண்டுபிடிப்பது கடினம்.

எவ்வளவு காற்று இருந்தால் தெரியும்? 1971இல் மில்லர், நெல்சன் என்ற இரண்டு அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளியைச் சில நிமிடம் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, காற்று மேலேறப் பொறுமையாக நேரம் கொடுத்து, பிறகு நிமிர்த்திப் படம் எடுத்தால் 1 மில்லிலிட்டர் காற்றுகூடத் தெரியும் என்று காட்டினார்கள். அப்படியும், துளை விழுந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் காற்று தெரிவதில்லை. துளையை ஈரலோ கொழுப்போ வந்து அடைத்திருக்கலாம்; படம் எடுக்கும்போது நோயாளியால் நிமிர முடியாமல் போயிருக்கலாம்.

இனி தையலுக்கு வருவோம். 1892இல் ஜெர்மனியில் லுட்விக் ஹொய்ஸ்னர் என்ற அறுவை மருத்துவர் இரைப்பைத் துளை ஒன்றை வெற்றிகரமாக மூடினார். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல்தான். ஆக, முதல் வெற்றிக்கு முன்னும் படம் இல்லை, பின்னும் படம் இல்லை. நாடியும் காய்ச்சலும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் கையும்தான் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த மூன்றும் இன்றும் பதவி இழக்கவில்லை.

துளையின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பது பார்வைக்கு எளிது. ஆனால் புண்ணைச் சுற்றியுள்ள சுவர் வீங்கி நைந்திருக்கும். இறுக்கினால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். இதற்கு நல்ல தீர்வை 1929இல் செல்லன்-ஜோன்ஸும் 1937இல் டொரான்டோவின் ராஸ்கோ கிரகாமும் எழுதிவைத்தார்கள். குடலுக்கு முன்னால் திரையாகத் தொங்கும் கொழுப்பு மடிப்பு ஒன்று உண்டு. ஓமென்டம் என்பது அதன் மருத்துவப் பெயர். இந்தக் கட்டுரையில் கொழுப்புத் திரை என்றே சொல்கிறேன். அதன் ஒரு நுனியைக் கொண்டுவந்து துளைமேல் வைத்து, சில தையல்களால் இறுக்காமல் பிடித்துக் கட்டிவிட்டால் போதும். ரத்த ஓட்டம் உள்ள கொழுப்பு புண்ணோடு ஒட்டி ஆற்றிவிடும். இன்று பெரும்பாலும் செய்வது ரத்தக்குழாயோடு சேர்ந்த திரையை இழுத்துவந்து ஒட்டும் முறை. அது செல்லன்-ஜோன்ஸ் சொன்னதற்கே நெருக்கமானது. ஆனாலும் எல்லோரும் கிரகாம் ஒட்டு என்றே சொல்கிறார்கள்.

இந்த ஒட்டு முதல் சில நாட்களில் தாங்கவேண்டிய சுமை சாதாரணமல்ல. அமிலநீரோடு பித்தநீர், கணையநீர், விழுங்கிய உமிழ்நீர் என்று பல லிட்டர் திரவம் அந்த வழியாகத்தான் நாள்தோறும் போகவேண்டும். அதனால்தான் மூக்கு வழியே இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டுத் திரவத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் நோயாளிகளே அதை ரைல்ஸ் டியூப் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

வயிற்றை மூடுவதற்கு முன்பே அறுவை மருத்துவர்கள் ஒட்டைச் சோதித்துப் பார்ப்பதுண்டு. சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டியவர் டியூபில் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார் அல்லவா? அதே சோதனைதான். ஒட்டிய இடம் மூழ்கும்வரை உப்புநீரை ஊற்றி, மூக்குக்குழாய் வழியே இரைப்பைக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கிறார்கள். குமிழி வந்தால் இன்னொரு தையல். நீல நிறச் சாயத்தைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் பங்சர் ஒட்டியவருக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. ரப்பர் ஒட்டு, ஒட்டியபோது எப்படியோ நாளையும் அப்படியே. உயிருள்ள திசுவோ மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் மாறும். அன்று நன்றாக இருந்த ஒட்டு பிறகு ரத்த ஓட்டம் குறைந்தோ, கிருமி தாக்கியோ, சத்துக்குறைவால் ஆறாமலோ பிரியக்கூடும். சிறிய துளைகளில் இது அரிது. 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய புண்களிலும், வெகு தாமதமாக வந்து சேர்ந்தவர்களிடமும் ஆபத்து கூடுகிறது. வயிற்றை மூடிய பிறகு அதை மறுபடி தண்ணீரில் முக்கிப் பார்க்க வழியில்லை. படங்களின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது மகன் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். நான்காம் நாள் தெரிந்த காற்று எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அது அறுவை அரங்கின் காற்றுதான். வயிற்றைத் திறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்து தைத்து மூடும்போது, அறையின் காற்றில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அது வெளியேற ஒரே வழி, சவ்வில் ஓடும் ரத்தத்தில் கரைவது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அது ரத்தத்தில் அரிதாகவே கரையும் வாயு. போதாக்குறைக்கு ரத்தத்தில் ஏற்கெனவே நைட்ரஜன் நிறைந்திருக்கிறது. எனவே அது மெல்லத்தான் கரைந்து போகும். ஒரு வாரம் தங்கும். சிலரிடம் இன்னும் சில நாள் கூடுதலாகத் தங்கும். ஒல்லியானவர்களிடம் இன்னும் நீடிக்கும்.

சிறு துளைகள் போட்டு லாப்ராஸ்கோப் வழியே செய்யும் அறுவையில் நிலைமை வேறு. 1990இல் இருந்து புண்ணால் விழுந்த துளையை அப்படியும் தைக்கிறார்கள். அதில் வயிற்றை உப்பவைக்கச் செலுத்துவது கார்பன் டை ஆக்சைடு. அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாக ரத்தத்தில் கரைந்து, நுரையீரல் வழியே மூச்சோடு போய்விடும். பெரும்பாலோரிடம் மூன்று நாட்களுக்குள் அது மறைந்துவிடுகிறது. அதனால் வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் காணும் காற்றும், லாப்ராஸ்கோப் அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் காணும் காற்றும் ஒன்றல்ல. இரண்டாவதைப் பார்த்தால் மருத்துவர் கூடுதலாக யோசிப்பார்.

இதெல்லாம் ஊகத்தில் சொல்வதல்ல. வயிற்று அறுவை செய்துகொண்டவர்களைக் குறிப்பிட்ட நாட்களில் எக்ஸ்ரே, சி.டி. இரண்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்றாம் நாள் சி.டி.யில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் காற்று தெரிந்தது. ஆறாம் நாளிலும் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அதே ஆறாம் நாளில் எக்ஸ்ரேயில் தெரிந்தது பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த எண்களுக்குள் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: கருவி எவ்வளவு கூர்மையானதோ, அவ்வளவுக்கு அது தீங்கற்ற காற்றையும் காட்டும். சி.டி.யில் காற்று இருக்கிறது என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டியது, குறைந்துவந்த காற்று திடீரென்று கூடினால். அதற்கு முந்தைய படம் கையில் இருக்கவேண்டும். ஒரு படம் தனியாகச் சொல்லாததை, தேதி போட்ட இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொல்லிவிடும். பழைய படங்களைத் தொலைக்காமல் பையில் வைத்திருக்கும் உறவினர்கள் மருத்துவருக்குச் செய்யும் உதவி பெரிது.

காற்று மறைமுகச் சாட்சிதான். கசிவை நேரடியாகப் பார்க்கவேண்டுமானால், உள்ளே போகும் திரவம் வெளியே வருவதைக் கண்ணால் காணவேண்டும். தண்ணீரும் குடற்சுவரும் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம் என்பதால் அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே கதிரைத் தடுக்கும் கனமான அணுக்கள் கொண்ட ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மருத்துவமனையில் இதைக் கான்ட்ராஸ்ட் என்பார்கள். நிழல் விழச் செய்வதால் நிழல் திரவம் என்று நாம் சொல்லலாம். 1896 முதலே ஹார்வர்டில் வால்டர் கேனன் விலங்குகளுக்குப் பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து, இரைப்பை அசைவதை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரியம் சல்பேட் வந்தது. வெள்ளைச் சாந்தாகக் குடிக்கும் அந்தப் பேரியத்தை நம்மில் பலர் அறிவோம்.

ஆனால் கசிவு இருக்கலாம் என்று ஐயம் உள்ள வயிற்றில் பேரியத்தை முதலில் கொடுப்பதில்லை. அது தண்ணீரில் கரையாதது. குடலுக்குள் இருக்கும்வரை அது நல்ல குணம், உடம்பில் சேராமல் மலத்தோடு போய்விடும். வயிற்றறைக்குள் சிந்திவிட்டாலோ அதே குணம் தீமையாகிறது. கரையாத துகள்கள் சவ்வில் ஒட்டிக்கொண்டு கடும் அழற்சியையும், பின்னாளில் குடலோடு குடல் ஒட்டும் தழும்புகளையும் உண்டாக்கும். எனவே தண்ணீரில் கரையும் அயோடின் சேர்ந்த திரவத்தைக் கொடுக்கிறார்கள். அது சிந்தினாலும் சவ்வு அதை உறிஞ்சிக்கொள்ளும், சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. குடல் இந்தத் திரவத்தை மிகச் சிறிதளவே உறிஞ்சும். வாயால் குடித்தது சில மணி நேரத்தில் சிறுநீர்ப்பையில் பளிச்சென்று தெரிந்தால், அது எங்கோ குடலை விட்டு வெளியேறி ரத்தத்தில் சேர்ந்திருக்கக்கூடும். குடல் மிகவும் அழன்றிருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் இது துப்பு மட்டும்தான்.

அயோடின் திரவத்துக்கும் ஆபத்து உண்டு. பழைய வகைத் திரவங்களின் செறிவு ரத்தத்தைவிட ஆறேழு மடங்கு. புரையேறி நுரையீரலுக்குள் போனால், அந்தச் செறிவு சுற்றியுள்ள திசுவிலிருந்து நீரை இழுத்து நுரையீரலை நீரால் நிரப்பிவிடும். சோர்ந்துபோன, வாந்தி எடுக்கும் முதியவருக்கு இது விளையாட்டல்ல. அப்படிப்பட்டவர்களுக்குச் செறிவு குறைந்த புதிய வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நிழல் திரவத்தைக் குடிக்கவைத்து ஓடும் எக்ஸ்ரே திரையில் பார்க்கும் இந்தச் சோதனையில் புவியீர்ப்பு முக்கியமான கதாபாத்திரம். மல்லாந்து படுத்திருப்பவரின் இரைப்பையில் திரவம் முதுகுப் பக்கம் தேங்கும். ஒட்டுப் போட்ட துளையோ முன்சுவரில் இருக்கிறது. திரவம் துளையைத் தொடவே இல்லையென்றால் கசிவு எப்படித் தெரியும்? அதனால் நோயாளியை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, திரவம் முன்சிறுகுடலுக்குள் இறங்கி நிறையும்வரை காத்திருக்கிறார்கள். ஒட்டைச் சுற்றி வீக்கம் இருந்தால் திரவம் இறங்கவே நேரமாகும். நல்ல கதிரியல் மருத்துவர் அவசரப்படமாட்டார். இத்தனைக்குப் பிறகும், கசிவு தெரியவில்லை என்பதற்குக் கசிவே இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. மிகச் சிறிய கசிவு படம் எடுத்த நேரத்தில் தற்காலிகமாக அடைபட்டிருக்கலாம். திரவம் வெளியே வந்தது தெரிந்தால் அது உறுதி. தெரியாவிட்டால் ஐயம் குறைகிறது, மறைவதில்லை.

சி.டி. ஸ்கேன் இந்தக் கேள்வியை விரிவாக்கியது. 1971இல் லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியைப் படம் எடுத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுத்தார். தண்ணீருக்கு 0. காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்பு ஏறத்தாழ கழித்தல் 100. உறைந்த ரத்தம் 50, 60 என்று மேலே போகும். அயோடின் திரவம் நூற்றுக்கணக்கில். கண்ணுக்கு ஒரே சாம்பலாகத் தெரிபவற்றை எண் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஈரலுக்கு அடியில் தேங்கியிருப்பது வெறும் நீரா, ரத்தமா, குடித்த திரவமா என்று இதனால் சொல்ல முடிகிறது.

ஆனால் எண்ணைப் படிக்கவும் கதை தெரியவேண்டும். முன்சிறுகுடலின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொழுப்புக் கட்டி, அதைச் சுற்றி இழைஇழையாகக் கலங்கல். என்ன அறுவை நடந்தது என்று அறியாத ஒருவர் இதை நோய் என்று எழுதிவிடக்கூடும். உண்மையில் அது கிரகாம் ஒட்டு, தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. இன்னொன்று இதைவிட ஏமாற்றும். ரத்தக்கசிவை நிறுத்த அறுவை மருத்துவர்கள் சில சமயம் கரையக்கூடிய செல்லுலோஸ் துணி ஒன்றை உள்ளே வைத்துவிட்டு வருவார்கள். அதன் இழைகளுக்கிடையே காற்று சிக்கிக்கொள்ளும். சி.டி.யில் அது குமிழிகள் நிறைந்த சீழ்க்கட்டியாகவே தோன்றும். துணி வைத்தோம் என்ற ஒரு வரி ஸ்கேன் கேட்கும் சீட்டில் இருந்தால் ஒரு மனிதர் தேவையில்லாத மறு அறுவையிலிருந்து தப்புகிறார். அந்தச் சீட்டில் "வயிற்று வலி, சி.டி. தேவை" என்று மட்டும் எழுதி அனுப்பும் வழக்கம் ஒழியவேண்டும். என்ன அறுவை, எந்த நாள், எந்தெந்த இடத்தில் வடிகுழாய், உள்ளே என்ன விட்டிருக்கிறது என்பவை இல்லாமல் படிக்கப்படும் படம் பாதிப் படம்தான்.

கசிந்தது எங்கே போய்ச் சேரும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் அது துளைக்குப் பக்கத்திலேயே நிற்பதில்லை. இதை விளக்கியவர் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் மார்ட்டன் மேயர்ஸ். வயிற்றறைக்குள் நிழல் திரவத்தைச் செலுத்தி அது எந்தப் பாதையில் நகர்கிறது என்று எக்ஸ்ரேயில் பின்தொடர்ந்து 1970இல் எழுதினார். திரவம் முதலில் இடுப்புக் குழிக்கு இறங்குகிறது. பிறகு வலப்பக்கப் பெருங்குடலின் ஓரமாக உள்ள வாய்க்கால் வழியே மேலேறி, ஈரலுக்கு அடியிலும், அங்கிருந்து உதரவிதானத்துக்கு அடியிலும் போய்த் தேங்குகிறது. கீழே இருந்து மேலே எப்படி ஏறும் என்று தோன்றும். ஒவ்வொரு மூச்சிலும் உதரவிதானத்தின் அடியில் அழுத்தம் குறைந்து திரவத்தை இழுத்துக்கொள்கிறது. இடப்பக்கத்தில் ஒரு சவ்வு மடிப்பு வழியை மறிப்பதால் அங்கே அவ்வளவாக ஏறுவதில்லை.

இதே வாய்க்கால் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். மேலே துளையிலிருந்து கசிந்தது வலப்பக்கமாக இறங்கி அடிவயிற்றில் தேங்கினால், வலி குடல்வால் இருக்கும் இடத்தில் தோன்றும். மௌனப்பட நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ 1926 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் வயிற்று வலியோடு மயங்கி விழுந்தபோது குடல்வால் அழற்சி என்று கருதினார்கள். உள்ளே இருந்ததோ துளை விழுந்த புண். அறுவை செய்தார்கள், ஆனாலும் பரவிய அழற்சியால் எட்டு நாள் கழித்து, 31 வயதில் இறந்தார். இந்த ஏமாற்று வலிக்கு இன்றும் அவர் பெயர்தான். நோய் எதிர்ப்பு மருந்துகளும் வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேனும் இல்லாத காலம் அது.

தேங்கிய நீர் எல்லாமே சீழ் அல்ல. அறுவையின்போது வயிற்றறையை லிட்டர்கணக்கில் உப்புநீரால் கழுவுகிறார்கள். அதில் மிச்சம் இருக்கும். முதல் நான்கைந்து நாட்களில் சி.டி. எடுத்தால் அங்கங்கே நீர்த் தேக்கம் தெரியத்தான் செய்யும். சீழ்க்கட்டி ஆகவேண்டுமானால் உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பவேண்டும். அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். அந்தச் சுவரில் புதிய ரத்தக்குழாய்கள் நிறைந்திருப்பதால், நரம்பில் ஊசி வழியாக அயோடின் திரவத்தைச் செலுத்திப் படம் எடுத்தால் சுவர் மட்டும் வளையமாக ஒளிரும். நடுவே சீழ் கறுப்பாக, சில நேரம் காற்றுக்குமிழிகளோடு. ஒளிரும் வளையமும், விடாத காய்ச்சலும், உயரும் வெள்ளணு எண்ணிக்கையும் சேர்ந்தால் ஐயம் நீங்கிவிடும். படம் எடுக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை என்று அறுவை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மூன்றாம் நாள் எடுத்த சி.டி. குழப்பும்; ஏழாம் நாள் எடுத்தது பேசும். நோயாளி மோசமாகிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது உடனே எடுக்கவேண்டும்.

சீழ்க்கட்டியைக் கண்டுபிடிக்கும் அதே படம் அதற்குச் சிகிச்சையும் ஆகிறது. அல்ட்ராசவுண்டு அல்லது சி.டி. வழிகாட்ட, தோல் வழியே ஊசி செலுத்தி, முனை சுருண்ட மெல்லிய குழாய் ஒன்றைச் சீழுக்குள் வைத்து வடித்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் இதற்காக வயிற்றை மறுபடி திறந்தார்கள். சீழ் எங்கேயும் அகப்படாவிட்டால் உதரவிதானத்துக்கு அடியில் தேடு என்று மூத்த அறுவை மருத்துவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது. மேலேறும் உதரவிதானம், வலப்பக்க நுரையீரலின் அடியில் சேரும் நீர் என்ற எக்ஸ்ரே அடையாளங்களை வைத்தே ஊகித்தார்கள். ஸ்கேன் வந்து மாற்றியவற்றில் இதைவிட நன்மையான மாற்றம் இந்தத் துறையில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரு சி.டி. எடுத்துவிட்டால் என்ன? ஒரு வயிற்று சி.டி.யின் கதிர் அளவு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையாகவே பூமியிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒருவருக்கு ஓராண்டில் கிடைப்பது உலக சராசரியாக 2.4. நரம்பில் செலுத்தும் அயோடின், ஏற்கெனவே நீர் வற்றிக் களைத்த சிறுநீரகத்தைச் சோதிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், தீங்கற்ற காற்றையும் நீரையும் பார்த்துக் கலங்கித் தேவையற்ற அறுவைக்கு இழுத்துச் செல்லும் ஆபத்து இருக்கிறது. எனவே நன்றாகத் தேறிவருபவருக்குப் படம் தேவையில்லை. பசி எடுக்கிறது, வாயு பிரிகிறது, காய்ச்சல் இல்லை, நாடி அமைதியாக இருக்கிறது என்றால் ஒட்டு பிடித்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

படம் கேட்கவைக்கும் அடையாளங்களில் முதன்மையானது நாடித்துடிப்பு. வலியோ காய்ச்சலோ இல்லாமலே மூன்றாம், நான்காம் நாளில் நாடி 110, 120 என்று ஏறி இறங்க மறுத்தால் அனுபவமுள்ள செவிலியர் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவார். வடிகுழாய்ப் பையில் பச்சையோ மஞ்சளோ கலந்த பித்தநீர் தெரிந்தால் பெரும்பாலும் அதுவே சாட்சி. சந்தேகமாக இருந்தால், நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பை நீலமாகிறதா என்று பார்க்கலாம். இதற்குக் கருவியே வேண்டாம். கசிவு உறுதியானாலும் உடனே மறு அறுவை என்றில்லை. கசிவு சிறியது, அது குழாய் வழியே முழுதும் வெளியே வந்துவிடுகிறது, வயிற்றறையில் வேறெங்கும் தேக்கம் இல்லை என்று சி.டி. காட்டினால், வாய்வழி உணவை நிறுத்தி, கீழ்க்குடலுக்கு வேறு குழாய் வழியே சத்துக் கொடுத்து, தானாக மூடக் காத்திருக்கலாம். எங்கும் பரவியிருந்தால் காத்திருக்க முடியாது.

வீடு திரும்பிய பிறகும் ஒரு பார்வை மிச்சம் இருக்கிறது, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். துளை முன்சிறுகுடலில் இருந்ததா, இரைப்பையில் இருந்ததா என்று வீடு திரும்பும்போது தரும் சீட்டில் எழுதியிருக்கும். இந்த வேறுபாடு முக்கியமானது. முன்சிறுகுடல் புண் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இரைப்பைத் துளையில் ஒரு பகுதி, புற்றுக்கட்டி உடைந்து விழுந்ததாக இருக்கும். அவசர அறுவையின்போது வீங்கிச் சிவந்த சதையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. எனவே இரைப்பையில் துளை விழுந்தவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்து, புண்ணின் விளிம்பிலிருந்து பல துணுக்குகள் எடுத்துச் சோதிக்கவேண்டும். புண் முழுதும் ஆறியிருக்காவிட்டால் மறுபடியும் பார்க்கவேண்டும். எங்கே துளை விழுந்திருந்தாலும் பைலோரி பாக்டீரியா இருந்ததா என்று கேட்டு, இருந்திருந்தால் மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுச் சோதனை செய்து அது போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். வயிறு வலிக்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லி இந்த வருகையைத் தள்ளிப்போடுபவர்களிடம் வீட்டார் சொல்லவேண்டியது ஒன்றுதான்: அறுவை மூடியது துளையை, துளை விழவைத்தது இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதை அந்தப் பரிசோதனைதான் சொல்லும்.